பந்திக்கு முந்து, கார்ட்டுக்குப் பிந்து

ஏலே பேராண்டி, முதல் சுத்துலேயே மூச்சப் பிடிச்சுக்கிட்டு முன்னால ஓடுதியே, உன் கூட்டாளிய யாராவது உன்னய விரட்டுதானுவளா பாத்தியா? விரட்ட மாட்டானுவ. விவரம் தெரிஞ்ச பயலுவ. முன்னால ஒரு கேனயன் போனாத்தான் மத்தவனுக்கு நிம்மதி. நீல ஓடு எந்த மண்டையில விழும்னு தெரிஞ்சு போச்சுல்லா.

மாரியோ கார்ட் வீடியோ கேமைப் பத்தி உனக்குத் தெரியாதது இல்ல. எந்த வண்டிக்கு எந்தச் சக்கரம், வளைவுல சறுக்கிப் பிடிச்சா முதல்ல நீலப்பொறி, பெறகு ஆரஞ்சு, அதுக்கும் மேல பிடிச்சா ஊதா, எல்லாம் தலைகீழாச் சொல்லுத. இந்த ஞாபகசக்தி கணக்குப் பரீட்சைக்கு ஏன் வரலன்னு உங்கம்மா கேக்கா. அது வேற வழக்கு, நான் அதுல சாட்சி சொல்ல வரல. ஆனா வெளையாட்டோட சூட்சுமம் உனக்குப் பிடிபடலடே. நீ அதைப் பந்தயம்னு நெனச்சிட்ட. தோத்தவன் வெறுங்கையோட வீட்டுக்குப் போகக் கூடாது, நல்லதா ஒரு சாக்காவது கொண்டு போகணும்னு செஞ்ச வெளையாட்டு அது.

பொறந்த கதையைக் கேளு. 1990ல ஜப்பான்ல நிண்டெண்டோக்காரங்க எஃப்-ஜீரோன்னு ஒரு ரேஸ் விட்டாவ. ஒத்தையில உக்காந்து ஒத்தையில ஓட்டணும். ரெண்டு பேரு தோளோட தோள் இடிச்சுக்கிட்டு ஓட்டுத மாதிரி ஒண்ணு செஞ்சா என்னன்னு அதுக்குப் பெறகு யோசிச்சாவ. மியாமோட்டோன்னு ஒருத்தரு மேல இருந்து பாத்துக்கிட்டாரு. சுகியாமா, கொன்னோன்னு ரெண்டு பேரு முன்னால நின்னு வேலையை நடத்துனாவ. திரையை ரெண்டாப் பிளந்ததும் அந்தக் காலத்துப் பெட்டிக்கு மூச்சு வாங்கிருச்சு. நீட்டு ரோடும் பேய் வேகமும் ஒத்து வரல. சரி, ரோட்டைச் சுருட்டு, வளைச்சு வளைச்சு விடு, குட்டி வண்டி போதும்னுட்டாவ. மாரியோ அப்ப வண்டியில ஏறவே இல்ல. ஓவரால் போட்ட யாரோ ஒரு ஆளுதான் ஓட்டிக்கிட்டு இருந்தான். மீசைக்காரரு பெறகு வந்து சீட்டுல உக்காந்துக்கிட்டாரு. 1992ல கடைக்கு வந்துச்சு. ஒத்தை ஆளா ஓட்டுனாலும் திரை ரெண்டாத்தான் கிடக்கும். பக்கத்துல ஒரு ஆளு இல்லாதது கொறைன்னு அந்தப் பெட்டியே குத்திக் காட்டும்.

1996ல அடுத்தது வந்துச்சு. நாலு பேரு ஓட்டலாம். அதுலதான் நீங்க ப்ளூ ஷெல்லுன்னு அலறுத அந்த நீல ஆமை ஓடு மொதமொதல்ல வந்துச்சு. கடைசியில வாரவன் கையில கிடைக்கும், முதல்ல போறவனைத் தேடிப் போயி அடிக்கும். என்ன நியாயம்லே இது! நம்ம பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்துல பூஞ்சிட்டு, சின்ன மாடு, பெரிய மாடுன்னு பிரிச்சு விடுத மாதிரி இங்கயும் 50 சிசி, 100 சிசி, 150 சிசின்னு பிரிக்கான். அந்த மட்டுக்கும் முறையாத்தான் இருக்கு. ஆனா பிந்தின வண்டிக்காரன் முந்தின வண்டிக்காரன் மேல ஓட்டை எறியலாம்னு சொன்னா எந்த ஊருல திருவிழா முடிஞ்சு வீடு திரும்புவ?

இங்க அதுதான் சட்டம். முன்னால போறவனுக்கு வழியில கிடக்க சாமான் பெட்டியில என்ன கிடைக்கு? ஒரு வாழைப்பழத் தோலு, ஒரு காசு, மிஞ்சினா ஒரு பச்சை ஓடு. கடைசியில கிடக்கவனுக்கு நட்சத்திரம், மின்னல், தங்கக் காளான்னு மாமியார் வீட்டுச் சீரு. துப்பாக்கிக் குண்டா மாறிட்டான்னா ஸ்டியரிங்கையும் தொட வேண்டாம், அதுவே எல்லாரையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டு முன்னால கொண்டு விட்டுரும். அதனால சொல்லுதேன், கடைசிச் சுத்து வரைக்கும் ரெண்டாவது, மூணாவதுலயே கிட. கையில ஒரு தோலு இருந்தா எறிஞ்சிராத, பொத்தானை விடாம முதுகுக்குப் பின்னாலயே பிடிச்சிரு. செவப்பு ஓடு அதுல பட்டுத் தெறிச்சிரும். நீல ஓட்டுக்கு அது காணாது. ஊதல் கிடைச்சா அதை மட்டும் பொத்தி வை. பெறப்பாட்டுல 3 தெரிஞ்சதும் ஆக்சிலேட்டரை அமுக்கித் தொலைக்காத, சக்கரம் புகை விட்டுக்கிட்டு அங்கனயே நிக்கும். 2 வந்த பெறகு அமுக்கு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறப்பவும் இதே கணக்குதான், அதை உனக்கு ரெண்டு வருசம் கழிச்சுச் சொல்லுதேன்.

இன்னொரு சங்கதி. நாலு பேரும் ஒரே திரையில ஓட்டும்போது மத்தவன் பங்கைப் பாக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்குதானுவளே, நீயும் வாங்கு. வாங்கிட்டு ஓரக்கண்ணால பாரு. எவன் கையில செவப்பு ஓடு இருக்கு, எவன் தோலை வச்சிருக்கான்னு அங்கனதான் தெரியும். "நீ என் பக்கம் பாத்த"ன்னு எவனாவது எகிறினா, "நான் பாத்தது உனக்கு எப்படித் தெரியும்?"னு கேளு. அத்தோட அவன் வாய் அடைச்சிரும்.

வீட்டுல பெரியவங்க, சின்னதுவ வெளையாட உக்காந்தா மெனுவுல அந்த ஸ்மார்ட் ஸ்டியரிங்கைப் போட்டு விட்டுரு. ஆக்சிலேட்டரையும் தானா ஓடுத மாதிரி வச்சிரு. உங்க அத்தை கன்ட்ரோலரை மடியில போட்டுக்கிட்டுப் பட்டாணி உரிச்சாலும் வண்டி பள்ளத்துல விழாம ஓடும். அவ கெலிச்சிட்டா நீ வாயத் தொறக்காத. வண்டிக்குப் பின்னால ஆண்டெனா ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்கும், அதைப் பாத்து "இது என்னலே?"ன்னா, "டிவிக்கு"ன்னு சொல்லிரு. நாளைக்குச் சாப்பாட்டுல உனக்கு ரெண்டு முட்டை உறுதி.

இப்ப அந்த ஆன்லைன் கூத்துக்கு வாரேன். 2005ல கைக்குள்ள அடங்குத டிஎஸ் பெட்டியில ஆரம்பிச்ச வம்பு அது. உலகத்துல எவன் எவனோ உன் கூட ஓட்டுதான்னு நீ நெஞ்சை நிமித்துத. பேசுனா ஆத்திரம் வரும்னு நிண்டெண்டோக்காரன் வாயைக் கட்டி வச்சிருக்கான். பந்தயம் தொடங்குததுக்கு முன்னால அவன் எழுதி வச்ச நாலு வாக்கியத்துல ஒண்ணை அமுக்கணும், அம்புட்டுதான். தோத்ததும் நீ "நெட்டு லேக் அடிச்சிட்டு"ன்னு கத்துத. கத்துதது யாருக்குலே கேக்கும்? கட்டில்ல கிடக்க எனக்கும் அடுப்படியில நிக்க உங்கம்மாவுக்கும். நான் நம்புவேன், அவ நம்ப மாட்டா. சாக்குன்னா அதைக் கேட்டுட்டு "போடா புளுகுணி"ன்னு திருப்பிச் சொல்ல எதிராளி பக்கத்துல இருக்கணும்டே. அது இல்லாம அம்புட்டும் வீணாப் போகுது. மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்ல ஒரே பெட்டியில இருந்து ரெண்டு பேரா ஆன்லைன் போக வழி வச்சிருக்கான். அடுத்த வீட்டுப் பயலைக் கூப்பிட்டு உக்கார வச்சிக்க.

அங்க இன்னொரு கூட்டம் இருக்கு. வேணும்னே பின்தங்கி நின்னு, நல்ல சாமானா மூட்டை கட்டிக்கிட்டு, கடைசியில கிளம்பி வாரானுவ. இதைக் கெட்ட புத்திங்க நீ. நான் அனுபவம்பேன். எங்க காலத்துல பஞ்சாயத்துத் தேர்தல்ல இதைப் பண்ணித்தான் ஒருத்தன் தலைவரானான்.

ஆன்லைன்ல புள்ளி, புள்ளின்னு பொத்திப் பொத்தி வைக்கியே, அதையும் நிறுத்து. 1000ல தொடங்கி ஏத்திக்கிட்டே போற. வீ பெட்டியில இப்படிச் சேத்தவன் கதை என்னாச்சு? 2014 மே மாசம் அந்த ஆன்லைனை இழுத்து மூடிட்டான். வீ யூ, 3டிஎஸ் ரெண்டையும் 2024 ஏப்ரல்ல மூடினான். புள்ளி எங்க போச்சுன்னு இப்ப யாருகிட்ட போய்க் கேக்க? உங்க சித்தப்பன் சீட்டுக் கட்டின பணத்தைத் தேடுத மாதிரி நீயும் தேட வேண்டியதுதான்.

8 டீலக்ஸ் மட்டும் 6 கோடிக்கு மேல வித்திருக்குன்னு நீதான் சொன்ன. இருக்காதா பின்ன? 12 பேரு ஓடுனா ஒருத்தன்தான் கெலிப்பான். மிச்சம் 11 பேருக்கும் "நான் நல்லாத்தான் ஓட்டுனேன், அந்த ஓடு மட்டும் விழலன்னா"ன்னு சொல்லிக்கிட வழி இருக்கு. அப்படி ஒரு சரக்கு விக்காம எது விக்கும்? 2025ல வந்திருக்க மாரியோ கார்ட் வேர்ல்டுல 24 பேரு. அதுல நாக்அவுட்னு ஒண்ணு. போற வழியில ஒவ்வொரு எடத்துலயும் கடைசி நாலு பேரைக் கழிச்சு விடுதான். கடைசியில நாலு பேருதான் மிஞ்சுவானுவ. அதுல என் பேச்சைக் கேட்டு ரொம்பப் பிந்திராத. கழிச்சுக் கட்டுத எடத்துல மட்டும் நடுவுல இரு.

அதுல ஒரு பசுமாடு வண்டி ஓட்டுதாமே? நேத்து நீ காட்டுனதும் ராத்திரி பூரா எனக்கு ஒறக்கமில்ல. எழுபது வருசமா மாட்டுக்குப் பின்னால உக்காந்துதான் வண்டி ஓட்டியிருக்கேன். அதுக்கு லைசென்சு யாரு குடுத்தா? நல்லா ஓட்டுதே அது, கொம்பு ஒரு பக்கம் சாயாம.

சரி, அந்த மாட்டை எனக்கு விடு. எந்தப் பொத்தானை அமுக்கணும்? இதுவா? இரு, இரு, கண்ணாடியைத் துடைச்சிக்கிடுதேன். இப்பவே சொல்லிட்டேன் கேட்டுக்க: தோத்தேன்னா இந்தக் கண்ணுல புரை எடுத்ததுல இருந்து செவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியல. கெலிச்சேன்னா அதைப் பத்திப் பேச வேண்டாம்.