அரைகூடத் தேறாத அழுத்தம்

கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பாட்டி ஒருத்தி சாமையைப் பழைய மரப்படியால் அளந்து விற்றால் அது குற்றம். 2009-இல் சட்டமுறை எடையளவுச் சட்டம் வந்தபோது, அங்கீகாரமில்லாத அளவையைப் பயன்படுத்தினால் 25,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் சிறை என்று எழுதிவைத்தார்கள். சட்டம் சட்டம்தான். பாட்டி லிட்டருக்கு மாறிக்கொள்ளட்டும்.

அழுத்தத்துக்கும் அரசு ஒப்புக்கொண்ட அலகு ஒன்று உண்டு, பாஸ்கல். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காரவள்ளி தாண்டி ஏதாவதொரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, 2,20,000 பாஸ்கல் காத்து அடிங்க" என்று சொல்லிப் பாருங்கள். பையன் உங்களை மேலும் கீழும் பார்ப்பான். அவன் கையிலிருக்கும் மங்கிய கண்ணாடி மீட்டருக்குத் தெரிந்தது 32 பிஎஸ்ஐ மட்டும். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு! மளிகைக்கடையிலிருந்து அறுபது ஆண்டுக்கு முன்பே கழுத்தைப் பிடித்துத் தள்ளிய பவுண்டு, பங்க்கில் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது. லாரிக்காரர் பிரேக் காற்றைக் கிலோவில் சொல்கிறார். குடிநீர்ப் பொறியாளர் குழாய் அழுத்தத்தை மீட்டரில் சொல்கிறார். யாருக்கும் எவரும் அபராத ரசீது கிழித்து நான் பார்த்ததில்லை. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய 14.2 பிஎஸ்ஐ, 98 கிலோபாஸ்கல், 10 மீட்டர் தண்ணீர். இந்தப் பெருக்கல் வகுத்தல் எல்லாம் படித்தவர்களுக்குச் சலுகை. படிக்காதவளுக்கு மட்டும் தண்டனை.

மருத்துவம் இன்னும் வேடிக்கை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வந்து கையில் பட்டை சுற்றுகிறது. பேட்டரிக் கருவி ரத்த அழுத்தம் 160/100 என்கிறது. எதில்? பாதரச மில்லிமீட்டரில். கருவிக்குள் ஒரு சொட்டுப் பாதரசம் கிடையாது. அது நஞ்சென்று மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-இல் சேர்ந்தாயிற்று. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டும் அது விட்டுப்போன பாதரசம் மண்ணை விட்டுப் போகவில்லை. விஷத்தை மலைக்குக் கொடுத்துவிட்டு, பெயரை மட்டும் கருவியில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

பாஸ்கல் கதையும் மலைக்கதைதான். 1648-இல் பிரான்சில் பாதரசக் குழாயோடு பூய் தெ தோம் மலையேறி, மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதைக் காட்டியவர் பாஸ்கலின் அக்காள் கணவர் பெரியே. யோசனை சொன்ன பாஸ்கல் அந்த மலைக்கே போகவில்லை. 1971-இல் அலகுக்கு வைத்தது பாஸ்கல் பெயர். மலையேறிய மாமன் பெயரைக் கேட்க நாதியில்லை.

1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 880 ஹெக்டோபாஸ்கல். வானிலை வரைபடத்தில் அது அப்படியே ஏறாது. கடல்மட்டத்தில் இருந்தால் எவ்வளவு இருக்குமோ அதற்கு மாற்றித்தான் சேர்ப்பார்கள். புயலைக் கண்டுபிடிக்க அது அவசியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலைக்கான சாலையையும் பள்ளியையும் ரேஷனையும்கூட சமவெளிக் கணக்குக்கு மாற்றிய பிறகே கோப்பில் ஏற்றுகிறீர்களே, அங்கே எந்தப் புயலை ஐயா தேடுகிறீர்கள்?

கடைசியாக ஒரு கணக்கு. 50 கிலோ மிளகு மூட்டையைத் தலையில் தூக்கி ஒருவர் ஒற்றையடிப் பாதையில் பஸ் நிற்குமிடத்துக்கு வருகிறார். சும்மாட்டுக்கு அடியில் பாரம் தாங்கும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 7.1 பிஎஸ்ஐ. பாதரசத்தில் 368 மில்லிமீட்டர். கையில் 160 வந்தால் மாத்திரை தருகிற படிவத்தில், தலையில் 368 வந்தால் எழுதக் கட்டம் இல்லை. கீழே வியாபாரி கழிவென்று இரண்டு கிலோ தள்ளுவதற்கும் கட்டம் இல்லை.

பாஸ்கலில் சொன்னால் 49,000. எண்ணைப் பார்த்தாலே அதிகாரிக்குத் தலை சுற்றும். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வரும். எதற்கு வம்பு? பார் அலகுக்கு மாற்றினால் 0.49. அரைகூடத் தேறவில்லை. அறிக்கையில் அதையே போட்டுவிடுங்கள்.