ஓரி வீட்டு விருந்தாளிகள்

செம்மேட்டு டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். மடியில் ஹெல்மெட். அதன் உச்சியில் கேமரா ஒற்றைக் கொம்பு மாதிரி நின்றது. பைக் மூன்று லட்சம் என்று நான் கேட்காமலே சொன்னார். "அடுத்த வருஷம் இலங்கையில கற்பிட்டி சார், கைட் சர்ஃபிங். பெரிய காத்தாடியை இடுப்புல கட்டிக்கிட்டு, பலகை மேல நின்னு கடல்ல பறக்கலாம். இந்த வருஷம் பட்ஜெட் டைட்டு. அதான் கொல்லிமலை."

ஆக, கடல் பார்க்கக் காசு பத்தாதவனுக்குக் கொல்லிமலை. இருக்கட்டும். சங்ககாலப் பாணர்களும் பட்ஜெட் பயணிகள்தான். பசியோடு நடந்து வந்தார்கள். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி சோறு போட்டுப் பொன்னும் யானையும் கொடுத்து அனுப்பினான். அவன் கொடுத்த கொடையில் பசி தீர்ந்துபோய், பாணர்கள் பாடவும் ஆடவும் மறந்துவிட்டார்கள் என்கிறார் புறநானூற்றில் வன்பரணர். நம் ஆட்கள் அந்த மரபைக் காப்பாற்றுகிறார்கள். மலையேறி வருகிறார்கள், உண்கிறார்கள், குடிக்கிறார்கள். ஆட்டத்தையும் பாட்டையும் மட்டும் மறப்பதில்லை, அது விடிய விடிய ஸ்பீக்கரில் ஓடுகிறது. மறப்பது பாட்டிலை.

எனக்கு வந்த ஒரு நோட்டீஸில் போட்டிருந்தது: ஓர் இரவு, இரண்டு பகல், கூடாரம், கேம்ப்ஃபயர், சாகசம், எல்லாம் சேர்த்து 1,999 ரூபாய். சாகசம் என்பது காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு. நான் ஏறிவந்த பஸ் பாதி மலையில் நின்றது. என்னவென்று எட்டிப் பார்த்தால், ஒருவர் வளைவின் நடுவில் பைக்கைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் தார்ச் சாலையில் மல்லாந்து படுத்துப் படம் பிடிக்கிறார். டிரைவர் ஹாரன் அடித்தார். படுத்திருந்தவர் ஒரு விரலைக் காட்டினார், ஒரு நிமிஷம் என்று. என் முன்சீட்டில் ஒரு பெரியவர், நாமக்கல் ஆஸ்பத்திரிச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார், கையில் கட்டு. "வயசுப் பிள்ளைங்க, வெளையாடட்டும்" என்றார். அவருக்கு அது விளையாட்டு மைதானம் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழி. அந்த வழியில் அவர்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆண்களைச் சிரித்து மயக்கிக் கொன்றதாகச் சொல்லப்படும் கொல்லிப்பாவைக்கு இப்போது வேலை இல்லை. அவரவர் கையிலேயே ஒரு பாவை இருக்கிறது. வளைவில் திரும்பும்போதும் அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

இதே நாமக்கல் மாவட்டத்தில் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் போதமலை இருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரம் தலைச்சுமையாகப் போனது. நோய் வந்தவர் தொட்டில் கட்டித் தோளில் இறங்கினார். சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அங்கே சாலை வேலையே தொடங்கியது. இங்கே எழுபது வளைவு, அங்கே எழுபது வருடம். சாகசம் வேண்டுமென்றால் தொட்டிலின் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டு போதமலை இறங்கியிருக்கலாம். அதற்கு எவரும் நோட்டீஸ் அடிக்கவில்லை.

மலை மக்களைப் பற்றி நம் விருந்தாளிகளுக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. "மலையாளிகள்" என்று சொன்னவுடன், "ஓ, கேரளாவா?" மலையை ஆள்வதால் மலையாளி, பழங்குடிப் பட்டியலில் உள்ள சனம், பேசுவது தமிழ். பதினான்கு ஊராட்சி, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று பலவற்றுக்கும் நாடு என்றே பெயர். நாடு என்று பெயர் வைத்துக்கொண்டவர்களின் நாட்டுக்குள் நாம் கதவு தட்டாமல் நுழைந்து, படுக்கை விரிப்பு சரியில்லை என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறோம்.

அடுத்து, சாப்பாடு. சாமையும் தினையும் விளைந்த மலை இது. சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகவும் மரவள்ளிக்கிழங்கு மேலே ஏறியது, சாமைக்காடு சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே விதையைக் காக்கப் பாடுபடுகிறது. உமி நீக்க எந்திரம் இல்லாத ஊரில் சாமை என்பது பெண்களின் உரலும் உலக்கையும். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்றது. பட்டணத்தில் தினைப் பாயசம் வைத்துக் கொண்டாடினோம். கொல்லிமலைக்கு வந்தவுடன் கேட்பது, "அண்ணே, எக் ஃப்ரைடு ரைஸ் இருக்கா?"

ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். கால் வலிக்கும் என்று எல்லாரும் எச்சரித்தார்கள், கால் கிழியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. படியிடுக்கில் பச்சைக் கண்ணாடிச் சில்லு. அதன் மேல் ஈரப் பாசி. பக்கத்தில் சிப்ஸ் பொட்டலத்துக்குள் தலையை விட்டு எடுக்க முடியாமல் உதறும் ஒரு குரங்குக் குட்டி. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. குரங்குக்கு அரசாணை படிக்கத் தெரியாது, நமக்குத் தெரிந்தும் பயனில்லை. இங்கே விழுவது அய்யாறு; அது கீழே புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குப் போகிறது. அருவியில் ஷாம்பூ போட்டுக் குளிக்கும் அண்ணன், கீழே ஆற்றில் தண்ணீர் மோந்து குடிக்கிறவருக்கு அதை நுரையோடு அனுப்புகிறார்.

மேலே அறப்பளீஸ்வரர் கோயில். துண்டாக்கிய மீனைப் பொருத்தி ஆற்றில் நீந்தவிட்டவர் என்பது தலபுராணம். துண்டாக்கிய பாட்டிலைப் பொருத்தித் தருவாரா என்று யாராவது வேண்டிக்கொள்ளலாம்.

இந்த மலைக்கு முன்பும் ஆட்கள் வந்தார்கள். மலையின் தலையை வெட்டி பாக்சைட் எடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், இவர்கள் போட்டுவிட்டுப் போகிறார்கள். மலைக்கு இரண்டும் ஒன்றுதான். இதற்கு நடுவே ஆண்டுதோறும் ஆடியில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது: மலர்க்காட்சி, வில்வித்தைப் போட்டி, பொன்னாடை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தை வீழ்த்தியவனின் சிலைக்கு மாலை போட்டு, கடைசியில் அவன் மலையை வாகன நெரிசலிடம் ஒப்படைத்து இறங்குகிறார்கள்.

தம்பி கனவு காணும் கற்பிட்டியும் இப்படித்தான். இலங்கையில் புத்தளம் மாவட்டம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று வலுவாக அடிக்கும், காத்தாடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அங்கே பதினான்கு தீவுகளைச் சேர்த்து அரசு சுற்றுலாத் திட்டம் போட்டது. கரைவலை இழுத்த மணலில் வேலி விழுந்தது, மீனவர்கள் போராடினார்கள். இங்கே பதினான்கு ஊராட்சி, அங்கே பதினான்கு தீவு. காற்று இலவசம், கரை இலவசம், மலை இலவசம். அதனால்தான் உங்கள் பேக்கேஜ் இவ்வளவு மலிவு. மிச்சப் பணத்தை அங்கே இருக்கிறவர்கள் கட்டுகிறார்கள்.

இறங்கும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் தம்பியை மறுபடி பார்த்தேன். ஒரு பாட்டி முன்னால் குந்தியிருந்தார், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அன்னாசி ஐம்பது என்றாள் பாட்டி. "நாப்பது!" "கட்டுபடியாகாது கண்ணு, காட்டுலருந்து தலையில சுமந்தாந்தது." தம்பி கேமராவைப் பார்த்துக் கண்ணடித்து, நாற்பதை வைத்துவிட்டுப் பழத்தை எடுத்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்குச் சொன்னார்: "பட்ஜெட் டிரிப்புன்னா இப்படித்தான் மக்களே, பேரம் பேசத் தெரியணும்." மூன்று லட்ச ரூபாய் பைக் உறுமிக்கொண்டு கிளம்பியது.

தம்பி, கற்பிட்டிக்குப் போய் நன்றாகப் பறந்து வாருங்கள். போவதற்கு முன் ஒரு தடவை சோளக்காட்டுக்கு வாருங்கள். அந்தப் பாட்டிக்கு நீங்கள் பத்து ரூபாய் பாக்கி.