லட்ச ரூபா ஷாக்கு

வா தம்பி, இப்படிக் குந்து. இன்னா, மொகமெல்லாம் ஒரே வெளிச்சமா இருக்குது? ஓ, தார் ஜீப்புக்குப் புது ஷாக் அப்சார்பர் வாங்கப் போறியா. வாங்கு வாங்கு. எந்த நாட்டுச் சாமானு? ஆஸ்திரேலியாவா, அமெரிக்காவா, ஜெர்மனியா? நாலும் சேந்து லட்சத்துக்கு மேலயா! அடேயப்பா. சரி, வண்டி எங்க ஓடப் போவுது?

வட்டம் வட்டமாப் பிரிச்சு, ரெண்டு பக்கமும் மரம் வச்சு, நேரா தார் ரோடு போட்ட நெய்வேலி டவுன்ஷிப்பு இது. குவார்ட்டர்ஸ்லேருந்து பஜாருக்குப் போனா வேகத்தடைதான் வரும். அதப் பாலைவனம்னு நெனச்சிகிட்டியா?

"இல்ல தாத்தா, ஆஃப் ரோடு"ங்கற. போடா இவனே. ஆர்ச் கேட்டத் தாண்டி ரோட்டுக்கு வா. விக்கிரவாண்டிலேருந்து தஞ்சாவூருக்கு நாலுவழி போடறோம்னு வருசக் கணக்காத் தோண்டிப் போட்டாங்களே, அதுல பஸ்ஸும் போச்சு, பலாப்பழம் ஏத்துன மினிலாரியும் போச்சு. அந்த டிரைவருங்க யாராவது 'ஆஃப் ரோடு'ன்னு எழுதுன பனியன் போட்டுகிட்டாங்களா?

மொதல்ல ஒண்ணு கேக்கறன். ஷாக்கு இன்னா வேல செய்யுது? "வண்டியத் தாங்குது"ங்கற. இங்கதான் பாதிப் பேரு கவுந்துடறான். தாங்கறது ஸ்பிரிங்கு. பழைய மகிந்திரா ஜீப்பு, ஜிப்ஸின்னா பட்டை. 2020ல வந்த ஒன் தாருன்னா காயிலு. புள்ளைய ஸ்பிரிங்குத் தொட்டில்ல போட்டு ஒரு இழுப்பு இழுத்து வுட்டா எகிறிகிட்டே கெடக்கும். ஆத்தா கைய வச்சு அடக்குறா பாரு, அந்தக் கையிதான் ஷாக்கு. உள்ள எண்ணெய், பிஸ்டன்ல பொடி ஓட்டை. எகிறற வேகமெல்லாம் எண்ணெயை அந்த ஓட்டையில தள்ளித் தள்ளியே சூடாப் போயிடும். அம்மாந்தான். மூட்டை ஏத்துனா வண்டி பின்னால குந்திக்குதா? ஷாக்க வுட்டுட்டு ஸ்பிரிங்கப் பாரு.

'கேஸ் ஷாக்கு'ன்னதும் கண்ணு விரியுதே. உள்ள இருக்கறது நைட்ரஜன். எண்ணெய் அடிபட்டு நொரை கட்டுனா ஓட்டையில நொரைதான் போவும், புடி வுட்டுடும். அந்த நொரைய அமுக்கி வைக்கத்தான் கேஸு. ஒத்தக் குழா ஷாக்குக்குச் சூடு சீக்கிரம் ஆறும். ஆனா கல்லு பட்டு நசுங்குச்சுன்னா பிஸ்டன் அங்கயே மாட்டிக்கும். ரெட்டைக் குழாய்க்குச் சூடு ஆற நேரம் புடிக்கும். வெளிக்குழா லேசா நசுங்குனாலும் உள்ள வேல ஓடும். கல்லுல மெதுவா ஏறி எறங்கறவனுக்கு இதே போதும். பக்கத்துல ஒரு குட்டி சிலிண்டர் தொங்குதே, அது மணிக்கணக்கா மணல்ல பறக்கறவனுக்கு. எண்ணெய் கூட இருந்தா சூடு தாங்கும்னு வச்சது. நீ எங்க பறக்கப் போற? மந்தாரக்குப்பம் கடைத்தெருவுலயா? கிளிக்கு கிளிக்காத் திருகற குமிழு வேற. வாங்குன அன்னிக்குத் திருகுவ. அப்புறம் சேறு அப்பி இறுகிக் கெடக்கும்.

ஜெர்மன் சாமான்னா ஒசத்திங்கற. நெய்வேலிக்காரங்கிட்டயே சொல்றியே! 1957ல நேரு வந்து சுரங்கத்தத் தொடங்கி வச்சாரு. 1961லதான் கரி கண்ணுல பட்டுது. மேல்மண்ண வாரிப் போட ஜெர்மன்காரன் பக்கெட் வீல் மிஷினுங்க வந்துச்சு. அவன் ஊருல இளமண்ணு, சும்மா அள்ளிகிட்டு போச்சு. இங்க கெடந்தது கடலூர் மணற்கல்லு. பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. அப்புறம் தொளை போட்டு வெடி வச்சு இளக்கிக் குடுத்தாத்தான் மிஷினு அள்ளுச்சு. மிஷினு மட்டமில்ல தம்பி, மண்ணு வேற. நீ மண்ணப் பாத்தியா, பேரு போட்ட ஸ்டிக்கரப் பாத்தியா?

அது போவட்டும், இருக்கற ஷாக்கப் பாத்தியா? பம்பர் ஓரத்த நல்லா அமுக்கி வுடு. ஒரு எகிறு எகிறி அடங்குனா நல்லாருக்குன்னு அர்த்தம். ஆடிகிட்டே இருந்தா போயிடுச்சு. குழா மேல எண்ணெய் வழிஞ்சு புழுதி அப்பியிருக்கா? டயரு திட்டுத் திட்டாத் தேஞ்சிருக்கா? ரப்பர் புஷ்ஷு வெடிச்சிருக்கா? பல வண்டியில கடகடன்னு கத்தறது அந்தப் புஷ்ஷுதான், பழி ஷாக்கு மேல. டயர்ல காத்து எவ்ளோ? முந்திரித் தோப்பு மணல்ல 20க்கு எறக்கிட்டுப் போ, வண்டியும் ஏறும், இடுப்பும் பொழைக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம அடிச்சிக்க. இதுக்குச் செலவே இல்ல. அதான் ஒனக்குப் புடிக்காது.

எல்லாம் பாத்து, மாத்தித்தான் ஆவணும்னா மாத்து. ஆனா அளவு எடு. சக்கரத்த ஜாக்கியில தொங்கவுட்டு ஒண்ணு, முழுசா அமுங்கறப்ப ஒண்ணு. ஸ்பிரிங்க மாத்தாம நீள ஷாக்கு போட்டா பள்ளத்துல எறங்கறப்ப அதே அடிமுட்டி ஒடையும். ஸ்பிரிங்க ஒசத்திட்டுக் குட்டை ஷாக்க வுட்டா சக்கரம் தொங்கறப்ப பிச்சிக்கும். விக்கறவங்கிட்ட ரெண்டே கேள்வி கேளு: புஷ்ஷு போனா எங்க கெடைக்கும்? எண்ணெய் ஒழுவுனா யாரு பிரிச்சு மாட்டுவா? அவன் மேல பாத்தான்னா நீ எழுந்து வந்துடு.

"ரெண்டு இஞ்சு தூக்கணும் தாத்தா"ங்கறியா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்குது. கம்பெனி குடுத்த அமைப்ப இஷ்டத்துக்கு மாத்தாதன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. இன்ஷூரன்ஸ்காரன் அதத்தான் மொதல்ல தேடுவான். அதுக்கும் துணிஞ்சிட்டியா? சரி, முட்டி வலியோட ஒங்க அம்மா கோயிலுக்குப் போவ அதுல எப்படி ஏறுவா? பிளாஸ்டிக் ஸ்டூலு ஒண்ணு வாங்கிப் பின்னால போட்டுக்க. அந்த ஸ்டூலுக்கும் ஆஸ்திரேலியாக்காரன் ஷாக்கு பண்றானான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்.