நாலு வரிக்கு நாலு மாதமா?

கேள்வி: என் மகன் பினாங்கில் மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் மூத்த பொறியாளர். நாலு வரி மாற்ற நாலு மாதம் என்கிறான். இப்படியும் ஒரு வேலையா?
– ஒரு தாய், கோலா குபு பாரு

பதில்: அம்மா, எழுத அரைமணி நேரம் போதும். அந்த நாலு வரி யாரையும் கொல்லாது என்று நிரூபிக்கத்தான் மீதி நாளெல்லாம்!

கனடாவில் தயாரான தெராக்-25 கதிர்வீச்சுக் கருவி, 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் இறந்தே போனார்கள். அதன் நிரலில் ஓர் எண்ணி 255-ஐத் தாண்டியதும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். சுழியம் என்றால் ‘எல்லாம் சரி’ என்று அர்த்தம். பாதுகாப்புச் சோதனையே நடக்காது. அந்த நொடியில் கருவியை இயக்குபவர் பொத்தானை அழுத்தினால், நோயாளிக்குத்தான் ஆபத்து வந்தது. முந்தைய கருவிகளில் இருந்த வன்பொருள் பூட்டுகளையும் மென்பொருளை நம்பிக் கழற்றியிருந்தார்கள்.

அதனால்தான் இன்று ஐஇசி 62304 என்ற உலகத் தரநிலை, உயிரோடு விளையாடும் மென்பொருளை ‘சி’ வகுப்பில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆபத்து ஆய்வு, மறுசோதனை, ஆவணம் கேட்கிறது.

கைப்பேசிச் செயலி மக்கர் செய்தால் அணைத்துப் போடலாம். மருந்தேற்றும் பம்ப்பை அப்படி விட முடியுமா? பதறாத காரியம் சிதறாது. மகனை அவசரப்படுத்தாதீர்கள், பெருமையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.