அகலம் குறைஞ்சு போச்சாமே!

ஏண்டா பேராண்டி, விக்கிப்பீடியாவோட முகத்த மாத்திட்டாங்கன்னு போன்ல அந்தப் புலம்பு புலம்புனியே, இப்பத் தேவலையா? சோறு இறங்குதா? உன் பாட்டி நெசமாவே பயந்துட்டா. பையனுக்கு வேலை கீலை போயிருச்சான்னு கேட்டா. இல்லடி, பக்கத்தோட ரெண்டு ஓரத்துலயும் வெள்ளையா எடம் விட்டுட்டானுங்களாம், அந்தத் துக்கம்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம அடுப்படிக்குப் போயிட்டா. பேசாம போனான்னா என்ன அர்த்தம்னு கல்யாணம் ஆனதும் உனக்கே தெரியும்.

உன் கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. காலேஜ் நாள்ல இருந்து தூக்கம் முழிச்சு அந்தக் களஞ்சியத்துல எழுதறவன் நீ. சம்பளம் இல்ல, சட்டையில குத்திக்க ஒரு பட்டையும் இல்ல. அப்படிப்பட்டவன் ஒருநாள் காலையில கணினியத் தொறந்தா, இடது பக்கம் இருந்த பட்டியல் மடிஞ்சு கெடக்குது. மத்த மொழிகளோட வரிசை மேல ஒரு பொத்தானுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. பொருளடக்கம் கட்டுரைய விட்டு ஓரத்துக்கு வந்து, நீ போற எடமெல்லாம் கூடவே வருது. வரியோட அகலமும் சுருங்கிப் போச்சு. குத்தம்தான். ஆனா குத்தப்பத்திரிகைய வாசிக்கறது யாருன்னு பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

நீ வேலை பாக்கறது பெங்களூரு வெளிவட்டச் சாலையில, கண்ணாடிக் கட்டடத்துல. என்னடா வேலைன்னு கேட்டா "ரிலீஸ் தாத்தா"ம்பே. அதாவது ஊரே தூங்கறப்ப யாரோ ஒரு வங்கியோட ஆப்ப மாத்தி விடறது. பொழுது விடிஞ்சதும் நம்ம ஊர் ரிட்டயர்டு வாத்தியார், பென்சன் பணம் காட்டற பொத்தான் எங்கடா போச்சுன்னு போனத் தலைகீழாப் புடிச்சுப் பாத்துக்கிட்டு டீக்கடை பெஞ்சில உக்காந்திருப்பாரு. அதை உங்கிட்டச் சொன்னப்ப நீ என்ன சொன்னே? "யூசர்ஸ் பழகிக்குவாங்க தாத்தா." இப்ப நீதான் யூசர். பழகிக்கோ, கண்ணு.

உன்னை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. அந்த ஊரே அடுத்தவன் வீட்டு மென்பொருள மாத்திச் சாப்பிடற ஊரு. 2021 ஜூன் 7-ஆம் தேதி வருமான வரிக் கணக்குத் தாக்கல் பண்ற தளத்தப் புதுசாக் கொண்டாந்தாங்களே, உங்க எலக்ட்ரானிக் சிட்டி இன்ஃபோசிஸ் கட்டுனது. மறுநாளே நிதியமைச்சரு ட்விட்டர்ல கம்பெனி பேரையும் நந்தன் நிலேகணி பேரையும் போட்டு, பொறந்த புள்ள ஏன் மூச்சு விடலன்னு கேக்கற நெலம. ஆகஸ்டுல தலைமை அதிகாரி சலீல் பரேக்கையே டெல்லிக்கு வரவழைச்சாங்க. கடைசித் தேதி செப்டம்பர்ல இருந்து நகர்ந்து டிசம்பர் 31-ல போய் நின்னுச்சு. அன்னிக்கு ஒரே நாள்ல மட்டும் 46 லட்சம் பேருக்கு மேல அதே தளத்துல கணக்குத் தாக்கல் பண்ணாங்க. ஆறு மாசம் திட்டுன ஆடிட்டருங்களே கடைசி ராத்திரி அங்கதான் வரிசையில நின்னாங்க. வேற எங்க போறது?

உங்க விக்கிப்பீடியாவுல அப்படி ஒரு கட்டாயமும் இல்லையே! இது எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. நீ போன வச்சதும் அந்தக் களஞ்சியத்துலயே தேடிப் படிச்சேன். அது தன்னைப் பத்தியே பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கு, நம்ம ஊர்ப் பெரிய மனுசங்களத் தோக்கடிச்சிரும்.

2001-ல தொடங்கறப்ப அது ஓடுனது யூஸ்மாட்விக்கின்னு ஒரு சின்ன நிரல்ல. ஆரம்பத்துல ஒரு பக்கத்துல இருந்து இன்னொண்ணுக்கு இணைப்பு வேணும்னா, ரெண்டு ஆங்கில வார்த்தைய இடைவெளி இல்லாம ஒட்டி, நடுவுல பெரிய எழுத்துப் போடணும். சதுர அடைப்புக்குறி அப்புறம் வந்த வசதி. கூட்டம் கூடுனதும் நிரலு மூச்சு வாங்குச்சு. மேக்னஸ் மன்ஸ்கன்னு ஒரு ஜெர்மன்காரரு, கொலோன் பல்கலைக்கழகத்துல உயிர்வேதியியல் படிச்சிட்டிருந்தவரு, பிஎச்பி-யில புதுசா எழுதிக் குடுத்தாரு. 2002 ஜனவரி 25-ல அதுக்கு மாறுனாங்க. அதுவும் ஒரு வருசம் தாங்கல. லீ டேனியல் கிராக்கர் திரும்பவும் எழுத, அதே வருசம் ஜூலையில இன்னொரு மாத்தம். இப்ப நீங்க மீடியாவிக்கின்னு சொல்றது அதோட வாரிசுதான். கவனிச்சியா, ஒரு மாணவன் எழுதறான், ஊரே குடி மாறுது. அன்னிக்கு இருந்தவங்க கொஞ்சப் பேரு. பழக்கம்னு ஒண்ணு உறையறதுக்கு முன்னாடியே மாத்திட்டாங்க.

தோலு, அதாவது பக்கத்தோட வெளித்தோற்றம், அந்தக் கதைதான் வேடிக்கை. 2004-ல மோனோபுக்னு ஒரு தோல். 2010-ல வெக்டர்னு ஒண்ணு வந்து அதை ஒதுக்குச்சு. அப்ப மோனோபுக்கே நல்லா இருந்துச்சேன்னு ஒரு கூட்டம் ஒப்பாரி வச்சுச்சு. 2023 ஜனவரி 18-ல ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வெக்டர் 2022 வந்துச்சு, தமிழுக்கும் வந்து சேந்துச்சு. இப்ப பழைய வெக்டரே நல்லா இருந்துச்சேன்னு ஒப்பாரி. அன்னிக்கு எது வந்ததுன்னு மாரடிச்சாங்களோ, இன்னிக்கு அது போச்சேன்னு மாரடிக்கறாங்க. பொணம் மட்டும்தான் வேற. இன்னொரு பத்துப் பன்னெண்டு வருசம் கழிச்சு இந்த வெள்ளை ஓரத்தத் தேடி நீ அழுவே. நான் அப்ப இருக்க மாட்டேன். அதனால இப்பவே சிரிச்சுக்கறேன்.

இத்தனைக்கும் மோனோபுக்கும் சாகல, பழைய வெக்டரும் சாகல. விருப்பத்தேர்வுகள்ல போய் ஒரு பொட்டு வச்சா பழைய வீடு அப்படியே இருக்கு. இதைச் சொன்னதுக்கு நீ என்ன சொன்னே? "எனக்குத் தெரியும் தாத்தா, நான் மாத்திக்கிட்டேன், ஆனா மத்தவங்களுக்கு...!" ஆகா! மத்தவங்களுக்காக அழற மகராசா, அந்த மத்தவங்கள்ல ஒருத்தன் நான். எழுத்துப் பெருசு பண்ண, அகலம் கூட்ட, இருட்டாக்கன்னு ஓரத்துலயே ஒரு பட்டி வச்சிருக்கான். செய்தித்தாள்காரன் பத்தி பிரிச்சு அடிக்கற மாதிரி வரிய ஒடுக்கி வச்சதுனால, புரை எடுத்த இந்தக் கண்ணு ஒரு வரி முடிச்சு அடுத்த வரிக்கு வழி தப்பாம வருது. உங்கிட்ட வந்து யாராவது நன்றி சொன்னாங்களா? சொல்ல மாட்டோம். ஆலமரத்தடின்னு நீங்க வச்சிருக்கற பொதுப் பேச்சுப் பக்கத்துல வந்து பேசப் படிக்கறவனுக்குத் தெரியாது. அங்க பேசறது பூரா எழுதறவன்தான், கண்ணு நல்லாத் தெரியறவன்தான்.

அதுக்காக மாத்தறவன் எல்லாம் உத்தமன்னு நான் சொல்லல. 2013 ஜூலையில, நிரல் குறியெல்லாம் தெரியாமலே, பாத்தபடி திருத்தலாம்னு ஒரு கருவிய ஆங்கில விக்கிப்பீடியாவுல அவிழ்த்து விட்டாங்க. வேகாத சோறு. ஆமை வேகம், பத்தாததுக்குக் கட்டுரைக்கு நடுவுல சதுரங்கச் சிப்பாய் முளைக்குது! எவனோ ஒரு மன்னரோட வரலாற எழுதிட்டுச் சேமிச்சா, கூடவே ஒரு சிப்பாயும் நிக்கறான். எழுதறவங்க எகிறுனாங்க. செப்டம்பர்ல, விரும்பறவங்க மட்டும் வச்சுக்கலாம்னு பின்வாங்குனாங்க. அந்தச் சண்டை நியாயமான சண்டை. எது உடைஞ்சது, எங்க உடைஞ்சதுன்னு காட்டுன சண்டை. அதே கருவி பின்னாடி தேறி, இப்ப புதுசா எழுத வர்றவன் எத்தனையோ பேரு அதுலதான் கை பழகறான்.

அடுத்த வருசம் இன்னும் மோசம். படத்தப் பெருசாக் காட்டற ஒரு வசதி ஜெர்மன் விக்கிக்காரங்களுக்குப் புடிக்கல. அவங்க நிர்வாகி ஒருத்தரு அதை நிறுத்தி வச்சாரு. களஞ்சியத்த நடத்தற விக்கிமீடியா அறக்கட்டளை என்ன பண்ணுச்சு? நிர்வாகிகளே தொட முடியாத ஒரு பூட்டப் புதுசாச் செஞ்சு 2014 ஆகஸ்டுல மாட்டுச்சு. சாவி தர்மகர்த்தா கையில, பூசாரி வாசல்ல! 2015 நவம்பர்லதான் அந்தப் பூட்டக் கழட்டுனாங்க. கழட்டுன பிறகும் கோபம் போக நாளாச்சு. மாத்தறவனுக்கு நான் சொல்ல வேண்டியது அந்தக் கதையிலயே இருக்கு. உனக்கு மேல இருக்கற மேனேஜருக்கும் வாசிச்சுக் காட்டு.

சரி, என் கதைக்கு வர்றேன். எனக்கும் ஒரு தடவ மாத்தி விட்டாங்க, பேராண்டி. வலைத்தளத்த இல்ல, எழுத்தையே. 1978-ல எம்.ஜி.ஆர். அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டுச்சு. ணை, லை, ளை, னை எல்லாம் அதுக்கு முன்னாடி தும்பிக்கை வச்ச எழுத்து. ணா, றா, னா எல்லாம் ஒரே சுழியில உடம்பை வளைச்சு நிக்கும், அதுங்களோட ஒ, ஓ வரிசையும் (ணொ, ணோ மாதிரி) அப்படித்தான். ஆக 13 எழுத்து. பெரியாரு 1935-லயே 'குடி அரசு'ல மாத்திப் போட ஆரம்பிச்சிட்டாரு, அரசாங்கம் மெதுவா வந்து சேந்துச்சு. எங்க தமிழ் வாத்தியாரு அன்னிக்குப் புலம்புனத நீ கேட்டிருக்கணும். யானைய வெட்டிட்டாங்க, தமிழ் ஊனமாயிருச்சுன்னு. அந்த மனுசனுக்கு நீ வாரிசுன்னு உன் போன் வந்தப்பதான் தெரிஞ்சுது. உன் அப்பன் புது எழுத்துல படிச்சான், அவனுக்குத் தும்பிக்கைன்னா கோயில் யானை மட்டும்தான். நான்? இன்னும் கையெழுத்துல தும்பிக்கை போட்டுத்தான் எழுதறேன். எந்த போலீசும் வந்து புடிக்கல. உன் விருப்பத்தேர்வுக்கு முன்னாடியே நான் என் விருப்பத்தேர்வ அமைச்சுக்கிட்டேன்டா!

நெசமான வலி எதுன்னா, உங்கப்பன் காலத்துக் கணினி எழுத்து மாறுனது. கம்பெனிக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியீடு. 1999-ல சென்னையில மாநாடு கூட்டி டாம், டாப்னு ஏற்பாடு. வெளிநாட்டுத் தமிழர் கையில திஸ்கி, ஈழத்துக்காரங்க கையில பாமினி. அப்புறம் ஒருங்குறி, அதான் யூனிகோட், வந்துச்சு. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல தொடங்கறப்பவே ஒருங்குறியிலதான் தொடங்குச்சு. அதைத் தொறந்தா பழைய விண்டோஸ் 98 வச்சிருக்கறவனுக்குப் பெட்டி பெட்டியாத் தெரியும். எக்ஸ்பி வச்சிருக்கறவன் குறுந்தட்டத் தேடி எடுத்துப் போட்டு, தமிழ் மாதிரி மொழிகளுக்குன்னு இருக்கற எடத்துல ஒரு குறி வச்சு நிறுவணும். தமிழ்நாட்டு அரசு ஒருங்குறிய ஏத்துக்கிட்டது 2010-ல, கோவை செம்மொழி மாநாட்டு நேரத்துல. அதுக்குள்ள எத்தனை பேரோட கதை, கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் பழைய எழுத்துருவுல மாட்டி, தொறந்தா வெறும் கிறுக்கலா ஆகிப் போச்சு தெரியுமா? எழுதுனவனாலயே படிக்க முடியல. அழறதுன்னா அதுக்கு அழணும். அந்தப் பெட்டிகளோட மல்லுக்கட்டித்தான் உனக்கு முன்னாடி வந்தவங்க எழுதுனாங்க. யாழ்ப்பாணத்துல பொறந்து வளைகுடா நாட்டுல கட்டடக் கலைஞரா இருந்த மயூரநாதன் 2003-ல இருந்து எழுதறாரு, கனடாக்காரங்க இயல் விருது குடுத்தாங்க. 2017-ல ஒரு லட்சம் கட்டுரை ஆச்சு. ஓரத்துல எவ்வளவு வெள்ளை விட்டிருக்குன்னு அளந்துக்கிட்டே உக்காந்திருந்தா அது ஆகியிருக்குமா?

இப்ப அடுத்த மாத்தத்துக்கு உனக்கு என் யோசனை. முன்னறிவிப்பு வந்தா படிச்சிறாதே. இந்தத் தோல அறக்கட்டளைக்காரங்க 2020-லயே பிரெஞ்சு, ஹீப்ரு, பாரசீகம், போர்த்துகீசியம், பாஸ்க்னு அஞ்சாறு விக்கியில விட்டுப் பாத்து, கருத்துச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீ அப்ப கவுரவமா வாய மூடிக்கிட்டு இருந்தே பாரு, அது மாதிரி. வந்த அன்னிக்கே திட்டிடு. ஒரு வாரம் பொழங்கிட்டுத் திட்டலாம்னு தள்ளிப் போட்டீன்னா பாதித் திட்டு தீந்து போயிரும். எந்த உலாவி, எந்தப் பக்கம், என்ன உடைஞ்சதுன்னு மட்டும் எழுதிறாதே, எழுதுனா எவனாவது சரிபண்ணித் தொலைச்சிருவான். "சகிக்கல"ன்னு மட்டும் போடு. உன் ஆபீசுக்கு அப்படி ஒரு புகார் வந்தா நீ என்ன பண்ணுவே? டிக்கெட்ட மூடிட்டுக் காப்பி குடிக்கப் போவே. அவங்களும் குடிக்கட்டும். சென்டர் ஃபார் இண்டர்நெட் அண்ட் சொசைட்டிக்காரங்க, இந்திய மொழி விக்கிக்காரங்களுக்குத் துணையா நின்னவங்களாச்சே, உங்க பெங்களூருலதான். அங்கயும் போயிறாதே. புதுசா எழுத வர்ற பசங்களுக்கு இந்தப் புது முகம் தோதா இருக்கான்னு யாராவது கேட்டுச் சொல்லித் தொலைச்சாங்கன்னா உன் வழக்கு பலவீனமாயிரும்.

வர்ற சனிக்கிழமை பஸ் ஏறறப்ப மறக்காம மடிக்கணினிய எடுத்துட்டு வா. எந்தத் தோல்ல வேணா தொறந்துக்கோ, எனக்கு ஆட்சேபணை இல்ல. நம்ம ஊர்க் கட்டுரையில ஏரியோட பேர எவனோ தப்பாப் போட்டு வச்சிருக்கான், உனக்கு அது இன்னும் கண்ணுல படல. மேற்கோள் இல்லாமத் திருத்துனா நீங்க அழிச்சிருவீங்களாமே, அதனால பழைய கிராமக் கணக்கு நகலத் தேடி எடுத்து வச்சிருக்கேன். தும்பிக்கை எழுத்துலதான் இருக்கு, நான் வாசிக்கறேன், நீ தட்டு.