கேண்டிட்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் காசிமேட்டில், மீன் வாங்காமல் மீனையே முறைத்துக்கொண்டு நிற்கும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு டி-ஷர்ட், ஏழெட்டுப் பை வைத்த கால்சட்டை, மீன் தண்ணீரில் நனையவே கூடாத விலையில் ஒரு ஷூ. திங்கள் முதல் வெள்ளி வரை ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் எக்செல் கட்டங்களோடு மல்லுக்கட்டுபவர். அவரைப் போட்டோகிராபர் என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். போட்டோகிராபர் என்றால் கல்யாணத்துக்கு வருகிறவராம். "நான் ஸ்ட்ரீட் பண்றேன்" என்பார். மாநகராட்சிக்கு ரோடு போடும் கான்ட்ராக்டர்கூட அதை இவ்வளவு பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

அவருடைய கேமரா பார்வைக்குத் தாத்தா பரணில் கிடந்த டப்பா. விலையைக் கேட்டால் ஒரு ஸ்கூட்டரும் அதற்கு ஒரு வருடத்துப் பெட்ரோலும். அதன் முகப்பில் பளபளக்கும் கம்பெனிப் பெயரின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்பார். பிரெஞ்சுக்காரர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தன் லைக்காவில் பளபளத்த பாகங்களையெல்லாம் கறுப்பு டேப்பால் மூடித்தான் தெருவில் இறங்கினார்; யார் கண்ணிலும் படாமல் இருக்க. நம்மவருக்கும் அதே லட்சியம். ஆனால் டேப் ஒட்டிய கேமராவைக் கண்டால் நம் ஊரில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். "உடைஞ்சிடுச்சா சார்? ரிச்சி தெருவுல நம்ம பையன் ஒருத்தன் கீறான், சொல்லவா?" என்று ஐஸ் உடைக்கிறவர் வேலையை நிறுத்திவிட்டு வந்து விசாரிப்பார்.

ஜூம் லென்ஸை அவர் தொடமாட்டார். அது கோழைகளின் ஆயுதம். துவாரத்தை எஃப் எட்டில் வைத்து, தூரத்தை இரண்டு மீட்டரில் நிறுத்திவிட்டால் ஃபோகஸ் பார்க்கவே வேண்டாம், இடுப்பிலிருந்தே சுட்டுவிடலாம் என்பது அவர் சூத்திரம். சூத்திரத்தில் பிழையில்லை. காசிமேட்டில் இரண்டு மீட்டர் என்பது நான்கு பேர், ஒரு ஐஸ் பெட்டி, ஒரு கூடை சங்கரா. "ஒத்து சார், ஒத்து!" என்ற சத்தம் கேட்பதற்குள் கூடை அவர் முதுகைக் கடந்துவிடும். அன்றைக்கு விழுந்த படங்களில் பாதி முழங்கைகள்.

மீதிப் பாதி, நேராக நிற்கும் மனிதர்கள். இதுதான் அவருடைய தீராத துக்கம். யாரும் கவனிக்காத கணத்தில் மனிதனைப் பிடிக்க வேண்டும் என்று அவர் பதுங்குவார். இங்கோ கேமராவின் வாசனை பட்ட மாத்திரத்தில் தேர் இழுக்கிறவர்கூடச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தோள் துண்டை நேராக்கி, மூச்சைப் பிடித்து நின்றுவிடுகிறார். டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். "நீங்க பாட்டுக்கு ஆத்துங்கண்ணே" என்று இவர் கெஞ்ச, அவர் கேமராவையே பார்த்துக்கொண்டு ஆற்றி, டீ கல்லாவில் கொட்டும். எனக்கு இதில் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். போட்டோ என்பது ஸ்டுடியோவுக்குப் போய், பவுடர் பூசி, வரைந்த தாஜ்மகாலுக்கு முன்னால் நாற்காலியைப் பிடித்து நின்று எடுத்துக்கொண்ட மரியாதை. அசந்த நேரத்தில் வாயைப் பிளந்தபடி எடுப்பதைப் படம் என்று எப்படிச் சொல்வது?

கேள்விகளும் உண்டு. "எந்த சேனல்?" என்பது முதல் கேள்வி. "எப்போ போடுவாங்க?" என்பது இரண்டாவது. மயிலாப்பூர் மாட வீதியில் மட்டும் மூன்றாவதாக ஒன்று, தணிந்த குரலில் வரும்: "கார்ப்பரேஷனா சார்? கடைய எடுக்கப் போறீங்களா?" நடைபாதைக் கடையை யாரோ படம் எடுக்கிறார்கள் என்றால் அடுத்த வாரம் லாரி வரும் என்பது அவர்கள் அனுபவம். இவர் அவசரமாகக் கபாலி கோபுரத்தை அண்ணாந்து நோக்கி நாலு கிளிக் அடித்துத் தான் பக்தர் என்று நிரூபிப்பார்.

இதில் ஒரு வேடிக்கை. 1952-இல் வந்த பிரெஸ்ஸோனின் புகழ்பெற்ற புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் 'தீர்மானமான கணம்' என்ற பொருளில் பெயர். நம்மவர் அதை மந்திரம்போல் ஜபிப்பார். பிரெஞ்சு மூலத்தின் தலைப்பில் அப்படி ஒரு கம்பீரமும் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கடை விரித்து, போலீஸ் தலை தெரிந்தால் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற வியாபாரத்துக்கு அங்கே ஒரு சொல் உண்டு. அந்த மாதிரி எடுத்த படங்கள் என்பதுதான் தலைப்பு. ஆக, குருநாதரும் நடைபாதைக் கடைக்காரரும் ஒரே ஜாதி. இதைச் சொன்னேன். கேண்டிட்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்த இரவு பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில்தான் இருந்தார் என்று பதிலடி கொடுத்தார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

அவருடைய தெருவுக்கு ஓர் எல்லை உண்டு. சுருக்கம் விழுந்த முகம், கை வண்டி, பீடிப் புகை, வெயில் சாய்வாக விழும் சுவர் எல்லாம் தெருவுக்குள் வரும். அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் அரை டிராயரோடு நாயை நடத்திப் போகும் செகரட்டரி மட்டும் வரமாட்டார். அவரும் தெருவில்தானே நடக்கிறார் என்றேன். "அவர் கேஸ் போடுவார்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த மிக உண்மையான வாக்கியம் அது.

படத்துக்குத் தலைப்பு வைப்பது தனிக் கலை. லஸ் முனையில் 29சி-க்காக நின்ற பெரியவர் 'காத்திருப்பு' ஆனார். பஸ் வந்து அவர் ஏறியதும் 'பிரிவு'. சிகாகோவில் ஆயா வேலை பார்த்த விவியன் மேயர் லட்சத்துக்கு மேல் படம் எடுத்து ஒருவரிடமும் காட்டாமல் பெட்டியில் வைத்தார், 2007-இல் ஏலத்துக்குப் போன பிறகுதான் உலகத்துக்கே தெரியும் என்று கண் கலங்கச் சொல்வார். சொல்லிக்கொண்டே அன்றைய பதினான்காவது படத்தை இன்ஸ்டாகிராமில் ஏற்றுவார்.

வீட்டில் அவர் கலைக்கு மதிப்பில்லை. மைத்துனி வளைகாப்புக்கு இவரையே எடுக்கச் சொன்னார்கள். நானூறு படம். பந்தி முடிந்த எச்சில் இலை, ஜன்னல் கம்பியின் நிழல், யாரோ ஒருவரின் பாதம். மைத்துனி ஒன்றில் இருக்கிறாள், பாதி. மீதியைத் தூண் மறைத்துவிட்டது.

ஆனால் எடுக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை கொடுத்துவிடுவார்: "பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து தர்றேன்." இப்படிச் சென்னையின் பாதித் தெருக்களில் அவருக்குக் கடன். சில தெருக்களில் சுற்றிக்கொண்டு போவோம். ஒரே ஒரு கடனை அவர் அடைத்ததை நான் நேரில் பார்த்தேன். வடக்கு மாட வீதிப் பூக்கார ஆயாவுக்கு, பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில், கறுப்பு வெள்ளையில், பிரேம் போட்டுக் கொடுத்தார்.

ஆயா தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, கலர் போடலியா? காசு ஜாஸ்தியா?"

"இல்ல ஆயா, பிளாக் அண்ட் ஒயிட்லதான் முகத்தோட ஆழம்..."

"அன்னிக்கு மயில் கழுத்துக் கலர் பொடவடா. எம் பொண்ணு எடுத்துக் குடுத்தது."

பக்கத்து விபூதிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது ஆயா. காரியத்துக்கு இதையே வெச்சிக்கலாம், தனியா எடுக்க வாணாம்."

ஆயா கோபிக்கவில்லை. பிரேமின் மூலையில் முழங்கையை ஊன்றி, சுற்றிலும் ஒரு அளவு அளந்தாள்.

"பெருசா போட்டுட்டே. சுத்திவர மூணு முழத்துக்கு மேல ஆவும். முழம் நாப்பது. நீ மூணுக்குக் குடு, போதும்."

கூடையில் சாய்த்து வைத்திருந்த கியூஆர் அட்டைக்கு நேராகக் கேண்டிட்காரர் கைபேசியைப் பிடித்தார். முதல் தடவையிலேயே ஃபோகஸ் ஆகிவிட்டது.