கல்லடிப் பாலத்தின் இரு கரையிலும் வழங்கும் பயண ஆங்கிலம்: ஒரு முதனிலை ஆராய்ச்சி

விடுமுறைக்கும் பயணத்துக்கும் உரிய ஆங்கிலத்தைப் படிப்பிக்கும் புத்தகங்களில் எப்போதும் ஒரே குடும்பம்தான் இருக்கும். அப்பா சூட்கேசோடு நிற்பார். அம்மா பெரிய தொப்பி போட்டிருப்பார். பின்னால் ஒரு விமானம் ஏறிக்கொண்டிருக்கும். கீழே பாஸ்போட், லக்கேஜ், ரிசோட் என்று சொற்கள் வரிசையாய் இருக்கும். அந்தக் குடும்பம் கல்லடியில் குடியிருக்கவில்லை. அதை வைத்து, கல்லடியாருக்குப் பயண ஆங்கிலம் தெரியாது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. இத்துறையில் எமக்கு முன் எழுதிய எவரையும் யாம் அறியோம். ஆதலால் மறுப்புரைக்கு என்று தனி அதிகாரம் தேவைப்படவில்லை.

ஆய்வுக்களம் வருமாறு: ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவிலிருந்து கல்லடிக்கு வர வாவியைக் கடக்க வேண்டும். 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலத்துக்கு அந்நாள் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரைச் சூட்டினார்கள். ஊரார் அந்தச் சீமாட்டியைப் பெரிதாக மதித்ததாய்த் தெரியவில்லை. அன்று தொட்டு அது கல்லடிப் பாலம்தான். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தது. அதுவும் கல்லடிப் பாலம்தான். தரவுகள் பஸ் ஹோல்டிலும் தேத்தண்ணிக் கடையிலும் காது கொடுத்துச் சேர்க்கப்பட்டவை. பேசியவர்களிடம் ஒப்புதல் பெறப்படவில்லை. அவர்களும் குரலைத் தாழ்த்தவில்லை.

எமது கருதுகோள் இது. கல்லடியில் ஒரு பயணச் சொல் ஆங்கிலமாக இருந்தால், அந்தப் பயணத்துக்கு யாரோ ஒருவர் அனுமதி தர வேண்டியிருந்தது என்று பொருள். அனுமதி தேவைப்படாத பயணம் தமிழிலேயே நடந்து முடிந்துவிடும். 'கடக்கரைக்குப் போறன்' என்பதில் ஆங்கிலம் இல்லை. கடலிடம் கையொப்பம் வாங்க வேண்டியதில்லை. 'படுவான்கரைக்குப் போய்ட்டு வாறன்' என்பதிலும் இல்லை. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. வாவியின் இரு புறத்துக்கும் இப்படிப் பெயர் வைத்தவர்கள் எந்தத் திணைக்களத்துக்கும் விண்ணப்பம் எழுதியிருக்கமாட்டார்கள்.

முதற்சான்றாக ஒலியால் நெருங்கிய மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்: ரவுண், ரவுண்ட், ரவுண்டப். அயலூர்க்காரர் காதில் மூன்றும் ஒன்றுபோலவே விழும். ஊர்க்காரர் ஒருபோதும் குழம்பமாட்டார். ரவுண் என்பது நகரம். 'ரவுணுக்குப் போறன்' என்றால் பாலம் தாண்டிப் போய்ப் பாங்கிலும் கச்சேரியிலும் கியூவில் நிற்பது. ரவுண்ட் என்பது பின்னேரம் மோட்டார் சைக்கிளில் காரணமின்றிப் புறப்பட்டுக் காரணமின்றித் திரும்புவது. ரவுண்டப் என்பது வெள்ளாப்பில் ஊரைச் சுற்றி வளைத்து, ஆம்பிளைகளை ஓரிடத்துக்கு வரச்சொல்லி, அடையாள அட்டையான ஐ.சி.யைப் பார்ப்பது. இச்சொற்கள் கல்லடியில் செல்வாக்குப் பெற்ற வரிசையையும் கவனிக்க வேண்டும். நகரத்துக்குப் போகும் ரவுண் பழையது. யுத்த காலத்தில் ரவுண்டப் மற்ற இரண்டையும் விழுங்கியிருந்தது. ஐ.சி., செக் பொயின்ற், கேர்பியூ ஆகியவை அதன் கிளைச்சொற்கள். அந்த ஆங்கிலத்தை யாரும் டியூசனுக்குப் போய்ப் படிக்கவில்லை, ஆனாலும் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கூட அதில் சித்தியடைந்திருந்தார். யுத்தம் 2009இல் முடிந்த பிறகுதான் காரணமில்லாத அந்த ரவுண்ட் நிம்மதியாக ஓடத் தொடங்கியது. ஒரு சொல்லின் கடைசி மெய் உதிர்வதையும் ஒட்டுவதையும் மொழிநூலார் ஒலித்திரிபு என்பர். இங்கே திரிந்தது ஒலி மட்டும்தானா என்பதை அவர்களே சொல்லட்டும்.

இனி 'லீவு'. ஹொலிடே, வெக்கேஷன், லீவ் என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதைக் கல்லடி ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. பிள்ளைக்கும் லீவு, ரீச்சருக்கும் லீவு, கடைக்கும் லீவு. ஆயினும் இந்த எளிமை அரச அலுவலகத்தின் வாசல்வரைதான். உள்ளே கால் வைத்தால் கெஷுவல் லீவு, மெடிக்கல் லீவு, நோ பே லீவு, ஷோட் லீவு என்று அது கிளைவிட்டுப் பரவும். இலங்கை நாட்காட்டியை விரித்தால் இன்னொரு வேடிக்கை. ஒரு நாள் பொது விடுமுறையா, வங்கி விடுமுறையா, வர்த்தக விடுமுறையா என்று அடையாளமிட்டுக் காட்டியிருப்பார்கள். ஒரே வீட்டில் கணவனுக்கு லீவும் மனைவிக்கு வேலையுமாக ஒரு நாள் விடிவது இப்படித்தான். போதாததற்கு, நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. நாலைந்து கிலோமீற்றருக்குள் காத்தான்குடிப் பிள்ளை லீவில் இருக்க, கல்லடிப் பிள்ளை புத்தகப் பையோடு போகும்.

லீவு கிடைத்தவர் அடுத்துத் தேடுவது 'வாரண்ட்'. உலகின் மற்றப் பகுதிகளில் இச்சொல்லைக் கேட்டவர் பின்கதவால் ஓடுவார். இலங்கை அரச ஊழியரோ முகமலர்ச்சியோடு கையெழுத்துக்கு அலைவார். காரணம், குடும்பத்தோடு ரெயினில் இலவசமாய்ப் போய்வர அவருக்குக் கிடைக்கும் ஆணைச்சீட்டுக்கும் பெயர் வாரண்ட்தான். 'அவருக்கு வாரண்ட் வந்திட்டாம்' என்று கல்லடியில் ஒருவர் சொன்னால், கேட்பவர் முதலில் அவர் எங்கே வேலை செய்கிறார் என்று விசாரித்துவிட்டே மகிழ வேண்டும், அல்லது சட்டத்தரணியைத் தேட வேண்டும். வாரண்டில் போனவர் தங்குமிடம் 'சேர்க்கிட் பங்களா'. வெள்ளைக்கார அதிகாரிகள் மாவட்டம் சுற்றிப் பார்வையிடும்போது தங்கக் கட்டிய மரபு அது. இன்று அங்கே அதிகாரியின் குடும்பம் சோற்றுப்பானையோடு இறங்குகிறது. சுற்றிப் பார்வையிடுதல் தொடர்கிறது, பார்க்கப்படும் பொருள்தான் மாறிவிட்டது.

போயாவை இவ்வாய்வில் சேர்க்கலாமா என்று ஐயம் எழுந்தது. அது சிங்களச் சொல். ஆனால் 'போயா ஹொலிடே' என்ற தொடரில் அது ஆங்கிலத்தோடு குடித்தனம் நடத்துவதால் சேர்த்துக்கொண்டோம். முழுநிலா நாளெல்லாம் இந்த நாட்டில் விடுமுறை. 1966 முதல் 1971 வரை இன்னும் ஒரு படி மேலே போய், ஞாயிற்றுக்கிழமையையே நீக்கிவிட்டுப் நிலாவின் நான்கு கட்டங்களையும் வார விடுமுறை ஆக்கியிருந்தார்கள். நிலாவுக்கு ஏழால் வகுக்கத் தெரியாததால் சில கிழமைகள் எட்டு நாள் நீண்டன. உலகத்தோடு கணக்கு ஒத்துவராமல் ஞாயிறு மீண்டது.

இங்கேதான் பாடும் மீன் ஆராய்ச்சிக்குள் நீந்தி வருகிறது. நிலாக்காலத்து இரவில், பாலத்தடியில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்தால் வாவிக்குள்ளிருந்து இசை கேட்கும் என்பது ஊர் வழக்கு. பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதற்குள் யாம் புகவில்லை. எமது ஐயம் வேறு. பௌர்ணமியில் அது பாடுகிறதா, பௌர்ணமியில் மனிதருக்கு லீவு கிடைப்பதால் கேட்கிறதா? இக்கொள்கை மிக அழகானது, 1848ஆம் ஆண்டு மட்டும் குறுக்கே வராவிட்டால். அந்த ஆண்டு இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியில் போய் அவ்விசையைக் கேட்டு, பிற்பாடு 1859இல் வெளியான தம் நூலில் எழுதியும் வைத்தார். அப்போது போயா விடுமுறை கிடையாது. ஆனால் லீவு தருகிற நாற்காலியில் அவரே இருந்தார். எனவே இக்கொள்கை சேதமின்றித் தப்புகிறது. சுவாமி விபுலாநந்தரும் இதே இசையை 'நீரரமகளிர்' என்று பாடியவர். கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த அப்பெரியாரின் சமாதி கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்தா வித்தியாலயத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. அவ்வளவு அருகில் இருந்துகொண்டு லீவு, வாரண்ட் என்று எழுத எமக்குக் கை கூசுகிறது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

வாகனச் சொற்களைச் சுருக்கமாக முடிக்கலாம். ரெயினைப் பழைய ஆட்கள் 'கோச்சி' என்பர். இலண்டனில் கோச் என்றால் நெடுந்தூர பஸ். ஓகஸ்டில் அங்கிருந்து வரும் பேரன், 'கொழும்புக்கு நாங்க கோச்சியிலதான் மனே போனம்' என்று அம்மம்மா சொல்லக் கேட்டு, தண்டவாளத்தில் பஸ் ஓடிய காலம் ஒன்று இருந்ததாய் நம்பிக்கொண்டு திரும்பிப் போவான். அவன் வந்தது ஹொலிடேக்கு. அம்மம்மாவின் கணக்கில் அவன் 'லீவில வந்திரிக்கான்'. பஸ்களில் 'செமி லக்சரி' என்றொரு வகையைக் கண்டோம். சாதாரண பஸ்ஸைப்போல் ஒன்றரை மடங்கு காசு. அரைச் சொகுசு எது, மீதி அரை எங்கே போனது என்பவை தனி ஆய்வுக்குரியன. யாம் கண்டவரை திரைச்சீலை ஒன்று தொங்கியது.

எஞ்சியிருப்பது 'ட்ரிப்'. எமது கருதுகோளுக்கு அடங்க மறுக்கும் ஒரே சொல் இதுதான். இதற்கு லீவு விண்ணப்பம் இல்லை, வாரண்ட் இல்லை, ஐ.சி.யை யாரும் கேட்பதில்லை. ஒரு வான், அதன் கொள்ளளவுக்கு மேலான உறவினர், வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல், காது கிழியும் பாட்டு. இவை கூடிய இடத்தில் ட்ரிப் பிறக்கிறது. தூரம் பொருட்டில்லை. பாசிக்குடாவுக்குப் போனாலும் ட்ரிப், நுவரெலியாவுக்குப் போனாலும் ட்ரிப். வானுக்குள் இருப்பவர்களுக்கு ட்ரிப்பாக உள்ள அதே பயணம் சாரதிக்கு 'ஹயர்'. ஒரே வாகனம், ஒரே வீதி, ஒரே கிடங்கு. முன் ஆசனத்தில் தொழில், பின் ஆசனத்தில் உல்லாசம். வெளியூர் வான்கள் கல்லடிக் கடற்கரைக்கு ட்ரிப் வந்து நிற்கும் அதே பின்னேரத்தில், பக்கத்து வீட்டார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு கடக்கரைக்குப் போய் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அலை இருவருக்கும் ஒன்றுதான். அனுமதி கேட்கும் சொற்களையே இத்தனை காலம் ஆங்கிலத்தில் இருந்து எடுத்த ஊர், கேட்கத் தேவையில்லாத பயணத்துக்கும் அங்கிருந்தே ஒரு சொல்லை எடுத்திருப்பது கருதுகோளை உடைக்கிறது. உடைந்ததில் எமக்கு வருத்தமில்லை.

கல்லடிக்கு வர எண்ணியிருப்போர் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடைப்பட்ட நிலாக்காலத்தில் வரவும். மீனின் பாட்டைக் கேட்க விரும்பினால் பாட்டுப் பெட்டியைப் பாலத்துக்கு அப்பால் விட்டுவிட்டு வரவும். இரவு தங்க வேண்டுமென்றால் 'றூம்' இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஹோட்டல்' எங்கே என்று கேட்டால் அன்போடு கையைப் பிடித்துக் கூட்டிப்போய் கொத்துரொட்டிக் கடையில்தான் இருத்துவார்கள்.